அப்டேட் ஆன மறுநாள் யூஎஸ்பி டோக்கனும் ரசீது பிரிண்டரும் நின்றுவிட்டன: போர்ட் போய்விட்டதா?

கேள்வி: 16 அக்டோபர் 2025, மாலை 6.20

வணக்கம் அண்ணா. நான் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நேற்று இரவு எங்கள் விண்டோஸ் 11 கணினி தானாக அப்டேட் ஆகியிருக்கிறது. இன்று காலையில் டிஜிட்டல் கையொப்ப டோக்கனை (கையொப்பச் சாவியும் சான்றிதழும் உள்ள யூஎஸ்பி கருவி) செருகினால் அதன் விளக்கு எரிகிறது, ஆனால் கையொப்பமிட முடியவில்லை. மதியத்திற்குள் ரசீது பிரிண்டரும் நின்றுவிட்டது. மவுஸும் கீபோர்டும் வேலை செய்கின்றன. பார்க்க வந்தவர், யூஎஸ்பி போர்ட்கள் போய்விட்டன, மதர்போர்டை மாற்ற வேண்டும் என்கிறார். தணிக்கை அறிக்கைகளுக்கு இம்மாத இறுதிதான் கெடு. மாற்றிவிடலாமா?

16 அக்டோபர், இரவு 9.40

மதர்போர்டை மாற்றாதீர்கள். டோக்கனின் விளக்கு எரிகிறது என்றால் போர்ட்டிலிருந்து மின்சாரம் வருகிறது. மவுஸும் கீபோர்டும் ஓடுகின்றன என்றால் கணினியின் யூஎஸ்பி பகுதி உயிரோடுதான் இருக்கிறது. கும்பகோணத்தில் பதினெட்டு ஆண்டுகளாகக் கணினி சர்வீஸ் செய்து வருகிறேன். அப்டேட்டுக்கு மறுநாள் ஒரே நேரத்தில் இரண்டு போர்ட்கள் எரிந்து போனதை இதுவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

ஒரு யூஎஸ்பி கருவி "வேலை செய்யவில்லை" என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதற்குள் பல படிகள் இருக்கின்றன. செருகியவுடன் கணினி 5 வோல்ட் மின்சாரம் கொடுக்கிறது. கருவி தன் இரண்டு தரவுக் கம்பிகளில் ஒன்றை 1.5 கிலோ ஓம் மின்தடை வழியாக உயர்த்தித் தான் வந்திருப்பதைத் தெரிவிக்கிறது. கணினி அதை ரீசெட் செய்து, ஒரு முகவரி எண்ணை ஒதுக்கி, 18 பைட் நீளமுள்ள விவரக்குறிப்பு ஒன்றைக் கேட்டு வாங்குகிறது. தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் அதில்தான் இருக்கின்றன. அந்த எண்களை வைத்துத்தான் விண்டோஸ் உரிய டிரைவரை, அதாவது அந்தக் கருவியை இயக்கும் சிறு மென்பொருளை, தேடுகிறது. டிரைவர் ஏறிய பிறகுதான் உங்கள் மென்பொருள் அந்தக் கருவியோடு பேச முடியும். எந்தப் படியில் அறுந்தது என்று தெரியாமல் செய்கிற எந்தச் செலவும் வீண் செலவு.

கணினியில் உள்ள கருவிகளின் பட்டியலான டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டோக்கனின் பெயர் எங்கே இருக்கிறது, மஞ்சள் முக்கோணம் உள்ளதா, இருந்தால் அதன் எண் என்ன என்று பார்த்து எழுதுங்கள். எண் 43 என்றும் விவரக்குறிப்பைப் பெற முடியவில்லை என்றும் வந்தால் கேபிள், போர்ட், கருவி ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். 28 என்றால் டிரைவரே இல்லை. 10 என்றால் டிரைவர் இருந்தும் கருவியைத் தொடங்க முடியவில்லை. 52 என்றால் டிரைவரின் கையொப்பத்தை விண்டோஸ் ஏற்கவில்லை. கையொப்பமிடும்போது திரையில் வரும் பிழைச் செய்தியையும் எழுத்து மாறாமல் அனுப்புங்கள்.

என் முதல் ஊகம் மின்சேமிப்பு அமைப்பு. டிரைவர் புதிதாக ஏறும்போது, "மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம்" என்ற கட்டத்தில் பழையபடி டிக் விழுந்துவிடும். யூஎஸ்பி ஹப்பின் பண்புகளுக்குள் போய் அந்த டிக்கை நீக்கிப் பாருங்கள்.

16 அக்டோபர், இரவு 11.15

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்: எதையும் கழற்றாதீர்கள். எந்தக் கேபிள் எந்த போர்ட்டில் இருக்கிறது என்று கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

17 அக்டோபர், காலை 8.05

உங்கள் விவரங்கள் கிடைத்தன. மின்சேமிப்பு பற்றிய என் ஊகம் தவறு, அதைத் திரும்பப் பெறுகிறேன். ஸ்மார்ட் கார்டு ரீடர்களின் கீழ் டோக்கன் மஞ்சள் குறி எதுவும் இல்லாமல் இருக்கிறது, சான்றிதழும் திறக்கிறது, கையொப்பமிடும்போது மட்டும் "இன்வாலிட் புரொவைடர் டைப் ஸ்பெசிஃபைடு" என்று வருகிறது என்கிறீர்கள். அப்படியானால் யூஎஸ்பி பகுதியில் எந்தக் கோளாறும் இல்லை. கம்பி முதல் டிரைவர் வரை எல்லாப் படிகளும் சரியாகவே நடந்திருக்கின்றன.

கோளாறு கடைசிப் படியில் இருக்கிறது. விண்டோஸில் கையொப்பத்துக்கான ரகசியச் சாவிகளைக் கையாளும் முறை இரண்டு உண்டு. பழையது சிஎஸ்பி, புதியது கேஎஸ்பி. அக்டோபர் 14 அன்று வந்த பாதுகாப்பு அப்டேட்டில், ஸ்மார்ட் கார்டில் உள்ள, ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறையிலான சான்றிதழ்களைப் பழைய முறைக்குப் பதில் புதிய முறையில் கையாள வேண்டும் என்று மாற்றியிருக்கிறார்கள். ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைப்பதற்காகத் தெரிந்தே செய்த மாற்றம் இது. பழைய முறையை மட்டுமே நம்பி எழுதப்பட்ட மென்பொருள்கள், குறிப்பாக 32 பிட் மென்பொருள்கள், டோக்கன் கண்ணெதிரே இருந்தும் அதைப் பயன்படுத்த முடியாமல் நிற்கின்றன. உங்கள் பிழைச் செய்தி அதன் அடையாளங்களில் ஒன்று.

டோக்கனுடன் வந்த மென்பொருளின் புதிய பதிப்பு இருக்கிறதா என்று சான்றிதழ் விற்றவரிடம் கேளுங்கள். சரியான வழி அதுதான். அது வரும்வரை தாங்குவதற்கு மைக்ரோசாஃப்ட் ஒரு தற்காலிக வழி கொடுத்திருக்கிறது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் கிரிப்டோகிராஃபி என்ற பிரிவுக்குள் காலே (Calais) என்ற கிளையில், "டிசேபிள் கேப்பி ஓவர்ரைடு ஃபார் ஆர்எஸ்ஏ" (DisableCapiOverrideForRSA) என்ற பெயரை இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் எழுதி, 0 என்ற மதிப்பைக் கொடுத்து, கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். ரெஜிஸ்ட்ரியைத் தொடும் முன் அதற்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அடைத்த ஓட்டையை நாமே திறந்து வைக்கிறோம் என்பதை ஆடிட்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அவர் கையொப்பம் அது. முடிவும் அவருடையதாகவே இருக்க வேண்டும்.

18 அக்டோபர், காலை 7.30

அப்டேட்டை நீக்கிவிடலாம் என்று எண்ணி, விண்டோஸ் துவங்கும் முன்பே பழுது பார்க்க உதவும் ரெக்கவரி திரைக்குப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நிற்கவும். இதே கேபி 5066835 அப்டேட்டுக்குப் பிறகு, விண்டோஸ் 11-இன் 24ஹெச்2, 25ஹெச்2 பதிப்புகளில் ரெக்கவரி திரைக்குள் யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்வதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. விண்டோஸுக்குள் அவை இயல்பாகவே ஓடும். பழுது பார்க்கப் போகிற இடத்தில் மட்டும் கை கட்டப்பட்டுவிடும். தொடுதிரையோ பழைய பிஎஸ்2 கீபோர்டோ இருந்தால் தப்பிக்கலாம். நீக்கித்தான் ஆக வேண்டும் என்றால், விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே செட்டிங்ஸ் வழியாக நீக்குங்கள்.

19 அக்டோபர், பிற்பகல் 3.10

டோக்கன் வேலை செய்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். பிரிண்டருக்கு வருவோம், ஏனென்றால் இதில்தான் எனக்கு ஆரம்பம் முதல் ஒரு நெருடல் இருந்தது. அப்டேட் முடிந்தது இரவில். டோக்கன் நின்றது காலையில். பிரிண்டர் நின்றதோ மதியத்திற்குள் என்று எழுதியிருந்தீர்கள். அப்டேட் பிரிண்டரைக் கெடுத்திருந்தால் காலை முதல் ரசீதே வந்திருக்கக் கூடாதே.

அதனால்தான் டிவைஸ் மேனேஜரில் பிரிண்டரின் பண்புகளைத் திறந்து, ஈவென்ட்ஸ் என்ற பகுதியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஒவ்வொரு கருவியும் எப்போது அமைக்கப்பட்டது என்று நாளும் நேரமும் அதில் பதிவாகியிருக்கும். உங்கள் பிரிண்டர் 16ஆம் தேதி காலை 11.42-க்குப் புதிய கருவியாக அமைக்கப்பட்டிருக்கிறது. அந்த நேரத்தில் அங்கே என்ன நடந்தது என்று கேட்டேன். டோக்கனைச் சரி செய்வதற்காக, பார்க்க வந்தவர் பின்னாலுள்ள எல்லாக் கேபிள்களையும் கழற்றி, தூசி தட்டி, மறுபடியும் செருகினார் என்று பதில் எழுதினீர்கள். பிரிண்டர் வேறு போர்ட்டுக்குப் போய்விட்டது. அவ்வளவுதான் நடந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்று சொல்கிறேன். வரிசை எண் உள்ள யூஎஸ்பி கருவியை விண்டோஸ் அந்த எண்ணைக் கொண்டே அடையாளம் காண்கிறது. மலிவு விலை ரசீது பிரிண்டர்கள் பலவற்றில் அந்த எண்ணே கிடையாது. எண் இல்லாத கருவிக்கு அது செருகப்பட்ட போர்ட்தான் அடையாளம். பெயர் சொல்லத் தெரியாத விருந்தாளியை உட்கார்ந்திருக்கும் நாற்காலியை வைத்து நினைவில் கொள்வது போன்றது இது: நாற்காலி மாறினால் புது ஆள் வந்துவிட்டதாகக் கணினி எண்ணிக்கொள்ளும். பழைய பிரிண்டர் யூஎஸ்பி001 என்ற பெயரில் மங்கலாக நிற்கிறது. அதே பிரிண்டர் "காப்பி 1" என்ற ஒட்டுடன் யூஎஸ்பி002-இல் புதிதாகப் பிறந்திருக்கிறது. உங்கள் பில்லிங் மென்பொருளுக்குப் புதியதைத் தெரியாது, பழைய பெயருக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறது.

பழைய போர்ட் எது என்று நினைவிருந்தால் கேபிளை அங்கே மாற்றிச் செருகுவதே போதும். நினைவில்லை என்றால், பழைய பிரிண்டரின் பண்புகளில் போர்ட்ஸ் என்ற பகுதிக்குப் போய் யூஎஸ்பி002-ஐத் தேர்ந்தெடுங்கள். ஆனால் அதற்கு முன் வரிசையில் தேங்கி நிற்கும் அச்சு வேலைகளை நீக்கிவிடுங்கள். நான்கு நாட்களாக அனுப்பியவை எல்லாம் அங்கே காத்திருக்கின்றன. இணைப்பு கிடைத்த நொடியில் அத்தனை ரசீதுகளும் சுருள் சுருளாக வெளியே வந்து விழும். வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருக்கும்போது அது நடக்க வேண்டாம்.

19 அக்டோபர், இரவு 10.00

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தபோது பார்க்க வந்தவரைக் குறை சொல்வது போல இருந்தது. கழற்றிச் செருகுவது எங்கள் தொழிலில் ஊறிப்போன பழக்கம், பல நேரங்களில் பலன் தருவதும்கூட. ஆனால் அது தடயத்தை அழித்துவிடுகிறது. ஒரு பழுது இருந்த இடத்தில் இரண்டு பழுதுகள் நிற்கும், இரண்டுக்கும் ஒரே காரணம் என்று தோன்றும், அந்த ஒரே காரணமாக மதர்போர்டு வந்து நிற்கும். உங்களுக்கு நடந்தது அதுதான். பார்த்து எழுதிய பிறகு கழற்றுங்கள் என்று மட்டுமே நான் வேண்டுகிறேன்.

21 அக்டோபர், காலை 6.50

தீபாவளி முடிந்த கையோடு இரண்டு திருத்தங்கள். ரெக்கவரி திரையில் கீபோர்டு வேலை செய்யாத சிக்கலுக்கு நேற்று கேபி 5070773 என்ற தனி அப்டேட் வந்துவிட்டது. 18ஆம் தேதி நான் எழுதிய எச்சரிக்கை, அதை இன்னும் போடாதவர்களுக்கு மட்டுமே பொருந்தும்.

இன்னொன்று, போர்ட் மாறினால் பிரிண்டர் இரண்டாகும் என்பது எல்லாப் பிரிண்டர்களுக்கும் பொருந்தாது. தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் கருவியின் பண்புகளுக்குள் டீடெயில்ஸ் பகுதியில் "டிவைஸ் இன்ஸ்டன்ஸ் பாத்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன் கடைசித் துண்டில் இரண்டாவது எழுத்து ஆம்பர்சேண்ட் குறியாக இருந்தால், அது விண்டோஸ் தானே உண்டாக்கிய அடையாளம். கருவிக்குச் சொந்த எண் இல்லை. அப்படிப்பட்ட கருவிகளின் கேபிளிலும் போர்ட்டின் பக்கத்திலும் ஒரே நிறத்தில் ஒட்டுக் காகிதம் ஒட்டிவிடுங்கள். நான் நகப்பூச்சால் புள்ளி வைக்கிறேன், அது உரிவதில்லை.

27 அக்டோபர், இரவு 8.30

தராசு இணைக்கும் யூஎஸ்பி சீரியல் கேபிள் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததால் கடைகள் பலவும் 11-க்கு மாறுகின்றன, மாறிய அன்றே தராசு பேசுவதை நிறுத்திவிடுகிறது. போன வாரம் ஒரு மளிகை மொத்தக் கடையில் இதே நிலைமை. மூட்டைகள் லாரியில் ஏறக் காத்திருக்கின்றன, கடைக்காரர் எடையைக் கையால் எழுதிக்கொண்டிருந்தார். டிவைஸ் மேனேஜரில் அந்தக் கேபிளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், இந்தச் சில்லு 2012 முதல் வழக்கொழிந்துவிட்டது, விற்றவரை அணுகவும் என்று ஆங்கிலத்தில் ஒரு வாசகம் நின்றது. கருவியின் பெயர் தன் மரண அறிவிப்பாக மாறியதை நான் முதன்முதலில் பார்த்தபோது வைரஸ் என்றே நினைத்தேன்.

அது டிரைவரே எழுதும் செய்தி. பிஎல்2303 வகையின் பழைய சில்லுகளுக்கு, அவற்றைத் தயாரித்த தைவான் நிறுவனம் புதிய டிரைவரில் ஆதரவை நிறுத்திவிட்டது. அந்தச் சில்லின் போலிகளும் சந்தையில் ஏராளம். பழைய டிரைவரைப் பட்டியலிலிருந்து கையால் தேர்ந்தெடுத்தால் கேபிள் மறுபடியும் ஓடும், ஆனால் விண்டோஸ் அப்டேட் என்றாவது ஒரு நாள் புதியதைக் கொண்டுவந்து வைத்துவிடும். ஆகவே அன்று பழைய டிரைவரைப் போட்டு லாரியை அனுப்பிவிட்டு, மறுநாளே வேறு சில்லுள்ள புதிய கேபிள் ஒன்றை வாங்க வைத்தேன். தராசின் கேபிளுக்கு விண்டோஸ் கொடுக்கும் காம் போர்ட் எண் 3-இலிருந்து 7-ஆக மாறியது. போர்ட்டின் அட்வான்ஸ்டு அமைப்பில் மறுபடி 3 என்று கொடுத்தேன். இதுவும் அந்த நாற்காலிக் கதைதான்.

போலிச் சில்லுகளைப் பற்றிப் பேசும்போது 2014 அக்டோபரை மறக்க முடியாது. எஃப்டிடிஐ என்ற ஸ்காட்லாந்து நிறுவனத்தின் டிரைவர் ஒன்று விண்டோஸ் அப்டேட் வழியாக வந்து, போலிச் சில்லுகளின் பொருள் எண்ணை 0 என்று மாற்றி எழுதியது. அதன் பிறகு அந்தக் கருவிகளை எந்தக் கணினியும் வழக்கம்போல் அடையாளம் காணவில்லை. கடும் எதிர்ப்பு எழுந்ததும் அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். போலி என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்கியவரின் பொருளை முடக்குவது எந்த நியாயத்திலும் சேராது என்றே இன்றும் கருதுகிறேன்.

3 நவம்பர், இரவு 9.15

விண்டோஸ் 11-க்கு மாறியதும் பழைய ஸ்கேனர் ஏன் நின்றது என்று கேட்டிருந்தவருக்கு. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது, 64 பிட் விண்டோஸ் 32 பிட் டிரைவரை ஏற்றாது. தயாரிப்பாளர் 64 பிட் டிரைவர் கொடுக்காத கருவிகள் எண் 28-ஓடு நின்றுவிடும்.

இதைச் சொல்லும்போது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டோ ஸ்டூடியோவில், மூடியில் ஃபிலிம் ஸ்கேன் செய்யும் விளக்குள்ள பழைய ஸ்கேனர் ஒன்று இதே காரணத்தால் நின்றது. அதன் உரிமையாளர் தன் தந்தை எடுத்த கல்யாண நெகடிவ்களை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார். பட்டர் காகித உறைகள், ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஊர் பெயரும் முகூர்த்த நாளும். டிரைவர் இல்லை, எடைக்குப் போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் போடவில்லை. கல்லூரியில் படிக்கும் அவர் பேத்தி, ஒரு பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு அதே ஸ்கேனரைச் செருகினாள், சேன் என்ற திறந்த மென்பொருள் அதை உடனே அறிந்துகொண்டது. கருவி சாகவில்லை, ஒரு இயங்குதளம் அதன் மொழியை மறந்திருந்தது, அவ்வளவே. அந்த வேறுபாட்டை நான் சொல்லியிருக்க வேண்டும். அதிலிருந்து, லினக்ஸ் உள்ள ஒரு பென்டிரைவ் என் பையில் எப்போதும் இருக்கிறது. எந்தக் கருவியையும் செத்துவிட்டது என்று சொல்லும் முன் அதில் துவக்கிப் பார்க்கிறேன்.

14 நவம்பர், காலை 7.00

லினக்ஸ் என்றால் இச்சிக்கலே வராது என்று சிலர் எழுதியிருப்பது சரியல்ல. உபுண்டு 22.04-க்கு மாறியதும் சிஹெச்340 சில்லுள்ள மைக்ரோகன்ட்ரோலர் பலகை காணாமல் போகிறது என்று பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். பார்வையற்றோர் விரலால் தொட்டுப் படிக்கும் பிரெயில் திரைகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள் அதில் இருக்கிறது. சில பிரெயில் திரைகளும் அதே சில்லையே பயன்படுத்துவதால், இரண்டின் எண்களும் ஒன்றாக இருக்கின்றன. பலகையைச் செருகியதும் அந்த மென்பொருள் அதைப் பிரெயில் திரை என்று எண்ணிப் பிடித்துக்கொள்கிறது. லினக்ஸின் உள் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையின் வெளியீட்டில் அந்தப் பெயர் தெளிவாகத் தெரியும். தனிக் கணினி என்றால் மென்பொருளை நீக்கிவிடலாம். கல்லூரி ஆய்வகக் கணினி என்றால் நீக்காதீர்கள்; பிரெயில் திரையை நம்பி ஒரு மாணவர் அங்கே வரக்கூடும். எந்தக் கருவி செருகப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று லினக்ஸுக்குச் சொல்லும் யூடெவ் விதிகளில், அந்த எண்ணுக்குரியதை மட்டும் முடக்கினால் போதும்.

14 நவம்பர், காலை 7.20

மேக் வைத்திருப்பவருக்கு: மானிட்டரில் உள்ள யூஎஸ்பி ஹப் நின்றுபோன சிக்கல் மேக்ஓஎஸ் 14.4-இல் இருந்தது, 2024 மார்ச் இறுதியில் வந்த 14.4.1-இல் அதைச் சரிசெய்தார்கள்.

22 நவம்பர், இரவு 8.45

எல்லாவற்றிலும் அப்டேட்டைக் காப்பாற்றுகிறீர்களே என்று ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். அது என் நோக்கமல்ல. 2018 பிப்ரவரி 13-இல் வந்த கேபி 4074588-இல், புதிய டிரைவர்களை நிறுவாமலேயே ஓடிக்கொண்டிருந்த டிரைவர்களை நீக்கிவிடும் பிழை இருந்தது. கீபோர்டு, மவுஸ், உள்ளமைந்த கேமரா ஆகியவை நின்றன. மார்ச் 5-இல்தான் திருத்தம் வந்தது. 2025 ஜனவரி இறுதியில் வந்த முன்னோட்ட அப்டேட்டுக்குப் பிறகு, சில யூஎஸ்பி பிரிண்டர்கள் யாரும் கேட்காமலே பொருளற்ற எழுத்துகளை அச்சடித்துத் தாளை வீணாக்கின. அதற்குத் திருத்தம் மார்ச்சில் வந்தது. அப்டேட் குற்றவாளியாக இருக்க முடியும். ஆனால் அதை நேரத்தையும் எண்ணையும் வைத்து நிறுவ வேண்டும், அப்போதுதான் காத்திருப்பதா, நீக்குவதா என்று முடிவெடுக்க முடியும்.

6 டிசம்பர், மாலை 5.30

கேள்வி கேட்டவர் இன்று எழுதியிருக்கிறார். சான்றிதழ் விற்றவரிடமிருந்து டோக்கனின் புதிய மென்பொருள் வந்து, அதை நிறுவிய பிறகு கையொப்பம் நேராகவே விழுகிறதாம். ரெஜிஸ்ட்ரியில் சேர்த்த பதிவை இப்போது எடுத்துவிடலாமா என்று கேட்கிறார். ஆம், இன்றே எடுத்துவிடுங்கள், மறுதொடக்கம் செய்யுங்கள், ஒரு கோப்பில் கையொப்பமிட்டுப் பாருங்கள். அதுவும் சரியாக நடந்தால், பிரிண்டர் பட்டியலில் மங்கலாக நிற்கும் "காப்பி 1"-ஐயும் நீக்கிவிடலாம்.

6 டிசம்பர், மாலை 6.05

நீக்கும் முன் பிரிண்டரின் கேபிள் பழைய போர்ட்டில்தான் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 16ஆம் தேதி எடுத்த படத்தோடு ஒப்பிடாதீர்கள், அது எல்லாவற்றையும் கழற்றிச் செருகிய பிறகு எடுத்தது.